காட்பாடி காந்தி நகர் ஓ.இ.டி. வகுப்பு: ஒரு நர்ஸின் மதிப்புரை

வேலூரில் ஹாஸ்டலிலும் வாடகை வீட்டிலும் தங்கி வேலை பார்க்கும் சிஸ்டர்கள் பலர் வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த வகுப்பில் சேரலாம் அக்கா என்று கேட்கும் ஜூனியர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொல்வதைவிட, ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் படித்தது காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சிறிய வகுப்பு. போர்டு எதுவும் கிடையாது. நடத்துபவர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். தன் பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் நாங்கள் கூப்பிடுவதுபோல மிஸ் என்றே எழுதுகிறேன். காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடும் டவுன் பஸ்ஸில் ஏறி காந்தி நகரில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். மார்னிங் டூட்டி முடித்தவர்களுக்கு மாலையில் ஒரு வகுப்பு, ஈவினிங் டூட்டிக்காரர்களுக்குக் காலையில் ஒரு வகுப்பு, எதற்கும் வர முடியாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. டூட்டி மாறினால் வகுப்பையும் மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் தனிப் பணம் இல்லை. மாதம் 1,800 ரூபாய். இந்த ஒரு காரணத்துக்காகவே ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

தேர்வு பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறையினருக்காகவே நடத்தப்படும் ஆங்கிலத் தேர்வு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 500 வரை மதிப்பெண். 350 எடுத்தால் பி கிரேடு. எழுத்துத் தேர்வில் 45 நிமிடத்தில் ஒரு நோயாளியின் கேஸ் நோட்டைப் படித்து, 180 முதல் 200 சொற்களுக்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில் நாம் நர்ஸாகவே இருப்போம், எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். வார்டில் தினமும் செய்கிற வேலைதான், ஆங்கிலத்தில் செய்ய வேண்டும்.

இதற்கு முன்னால் வேறு ஒரு இடத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே மாதிரிக் கடிதங்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நோயாளியின் பெயரையும் மருந்தையும் மாற்றிப் போட்டால் போதும் என்றார்கள். கேஸ் நோட்டில் இல்லாத விஷயமெல்லாம் கடிதத்தில் வந்து உட்கார்ந்தது. காந்தி நகர் வகுப்பு இதற்கு நேர் எதிர். இங்கே மனப்பாடமே கிடையாது. ஒரு சொல்லை எடுத்தால் அதை வார்டுக்குள் கொண்டுபோய் எங்கெல்லாம் நிறுத்த முடியுமோ அங்கெல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல். எனக்கு மிகவும் உபயோகப்பட்ட வகுப்பு டெலிபரேட் (deliberate) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நடந்தது. அதை விவரமாகச் சொன்னாலே மிஸ் எப்படிக் கற்பிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

நம்மில் யாரைக் கேட்டாலும் டெலிபரேட்லி என்றால் ‘வேண்டுமென்றே’ என்போம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றோம். தமிழில் ‘வேண்டுமென்றே’ என்று சொன்னால் உடனே ஒரு குற்றச்சாட்டு வந்துவிடுகிறது. வேண்டுமென்றே கீழே போட்டான், வேண்டுமென்றே லேட்டாக வந்தாள். நல்ல காரியத்துக்கு அந்தச் சொல்லை நாம் பயன்படுத்துவதே இல்லை.

மிஸ் முதலில் கொடுத்தது ஒரு வரி. பக்கவாதம் வந்து தேறிவரும் ஒரு முதியவரைப் பற்றிய குறிப்பு. அவருடைய பேச்சு ‘ஸ்லோ அண்ட் டெலிபரேட்’ என்று எழுதியிருந்தது. தமிழில் சொல்லச் சொன்னார். கூட இருந்த ஒரு சிஸ்டர், “மெதுவாகவும் வேண்டுமென்றேயும் பேசுகிறார்” என்றார். அப்படிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று மிஸ் கேட்டார். அந்த மனிதர் நடிக்கிறார் என்று ஆகிவிடும். உண்மையில் அந்த வரி சொல்வது, அவர் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக, கவனமாக, யோசித்து எடுத்து வைக்கிறார் என்பதை. கஷ்டப்பட்டுப் பேசும் ஒருவரை நடிக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் அவர் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. இது தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் என்று மிஸ் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் சொல் எங்கிருந்து வந்தது என்ற பாடம். மேஜைமேல் சின்னப் பித்தளைத் தராசு ஒன்று எப்போதும் இருக்கும். லாங் பஜாரில் வாங்கியது. அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். லத்தீனில் லிப்ரா என்றால் தராசு. லிப்ராரே என்றால் சமநிலைக்குக் கொண்டுவருவது, நிறுப்பது. முன்னால் ‘டீ’ சேர்த்தால் முழுக்க நிறுத்துப் பார்ப்பது என்று பொருள். அப்படி வந்ததுதான் டெலிபரேட். மனதுக்குள் இரண்டு தட்டையும் வைத்து, முள் நடுவில் நிற்கும்வரை பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு. ஆங்கிலத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே ‘நன்றாக யோசித்துச் செய்த’ என்ற பொருளில் வந்துவிட்டது.

அதே லிப்ரா நம் கைக்கு வேறு வழிகளிலும் வந்திருக்கிறது. ராசிகளில் துலாமுக்கு லிப்ரா என்றுதான் பெயர். பவுண்டு எடையை எல்.பி. (lb) என்று எழுதுகிறோமே, பவுண்டு என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த இரண்டு எழுத்துமே இல்லை. அது லிப்ராவின் சுருக்கம். ரோமானியர்களுக்கு லிப்ரா ஒரு எடையும்கூட. அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு உன்சியா, அதிலிருந்து அவுன்ஸ். பழைய மருந்து பாட்டில்களில் பார்த்த அவுன்ஸ். லெவல் என்ற சொல்லும் லிப்ராவின் குட்டிதான். சமநிலையைச் சொல்லும் ஈக்விலிப்ரியம் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் லைப்ரரி அந்தக் குடும்பம் இல்லை, லிபர்ட்டியும் இல்லை. ஒன்று புத்தகத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்தும் மற்றது விடுதலைக்கான சொல்லிலிருந்தும் வந்தவை. டெலிபரேட்டில் லிப்ராவில் இல்லாத ஒரு ‘இ’ (e) எழுத்து நடுவில் ஏறியிருப்பதற்கு, விடுவிப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயல் ஒட்டியதே காரணமாக இருக்கலாம் என்று மொழி அறிஞர்கள் கருதுகிறார்கள். ஸ்பெல்லிங்கில் தடுமாறும் எனக்கு இந்தக் கதை மறக்கவே இல்லை.

எனக்கு இன்னும் பிடித்தது, நம் வேலையோடு ஒட்டிய சொற்களில் எத்தனை தராசு ஒளிந்திருக்கிறது என்று அவர் காட்டியது. டிஸ்பென்சரி, டிஸ்பென்ஸ் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அதன் அடி நிறுத்துக் கொடுப்பது. எக்ஸாமின் என்பது லத்தீனில் எக்ஸாமென், தராசின் நடு முள். நோயாளியை எக்ஸாமின் செய்வதிலும் நாம் எழுதும் எக்ஸாமிலும் அந்த முள்தான் இருக்கிறது. ஆழ்ந்து யோசிப்பதைச் சொல்லும் பாண்டர், யோசனையில் மூழ்கியிருப்பதைச் சொல்லும் பென்சிவ் இரண்டும் நிறுப்பதிலிருந்து வந்தவை. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தபோது குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு சிஸ்டர், “மிஸ், நாமும் சீர்தூக்கிப் பார்ப்பது என்கிறோமே” என்றார். அவரே குறளையும் சொன்னார்: சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் என்று தொடங்குவது, நடுவு நிலைமை அதிகாரம். தமிழிலும் யோசிப்பதற்குத் தராசுதான் தூக்கப்பட்டிருக்கிறது. மிஸ்ஸின் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. டெலிபரேட் முடிவு என்று வரும் இடத்தில் ‘சீர்தூக்கி எடுத்த முடிவு’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். ‘வேண்டுமென்றே’ என்பதை அடித்துவிடச் சொல்லவில்லை, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

சொல்லின் வேர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது என்பதையும் அவரே சொல்லிவிடுவார். வேர் என்பது நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பிடி. இன்றைக்கு அந்தச் சொல்லை யார், எங்கே, எதற்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் பொருள் இருக்கிறது. அதனால் தராசை மேஜையில் வைத்துவிட்டு, டூட்டி மாறும்போது நோயாளி விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவருக்கு நேரே போனார்.

இரவு டூட்டிக்கு வருகிறவரிடம் ஈவினிங் சிஸ்டர் சொல்கிறார்: நோயாளிக்குச் சர்க்கரை குறைந்திருந்தது, டாக்டரிடம் கேட்டு இன்சுலின் நிறுத்திவைக்கப்பட்டது. இதை ஆங்கிலத்தில் சும்மா ‘நாட் கிவன்’ என்று எழுதினால், மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அடுத்தவர் போட்டுவிட வாய்ப்பு உண்டு. ‘டெலிபரேட்லி வித்ஹெல்ட்’ என்று எழுதி, காரணமும் டாக்டர் சொன்ன நேரமும் சேர்த்தால் அந்த ஆபத்து இல்லை. இங்கே டெலிபரேட்லி ஒரு குற்றச்சாட்டே இல்லை. யோசித்து, கேட்டு, தெரிந்து நிறுத்தினோம் என்பதற்குச் சான்று. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் போன்ற மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்துவிட்டுப் போடுகிற பழக்கம் நமக்கு இருக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரடை வேண்டுமென்றால் அது இந்தச் சொல்தான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

உச்சரிப்புக்கும் நேரம் ஒதுக்கினார். பெயரடையாக வரும்போது கடைசி அசை சுருங்கி ‘ரட்’ என்று முடியும். வினையாக வரும்போது ‘ரேட்’ என்று நீளும். டாக்டர்கள் குழுவாக உட்கார்ந்து ஒரு கேஸைப் பற்றி ஆலோசித்தார்கள் என்றால் வினை. இந்த வித்தியாசம் காதுக்குப் பழகினால் கேட்கும் தேர்வில் வாக்கியம் எந்தப் பக்கம் போகிறது என்பது முன்கூட்டியே பிடிபடுகிறது.

இடையில் ஒரு வரலாறும் வந்தது. அமெரிக்காவில் கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளைத் தனித்தனிப் பள்ளிகளில் படிக்க வைப்பது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று 1955இல் சொன்னபோது ‘ஆல் டெலிபரேட் ஸ்பீடு’ என்று எழுதியது. நிதானமான வேகம். அந்த நிதானத்தைப் பிடித்துக்கொண்டு தென் மாநிலங்கள் பல வருடங்கள் இழுத்தடித்தன. ஒரே சொல் எழுதியவருக்கு ஒன்றாகவும் படித்தவருக்கு வேறாகவும் போனதற்கு இதைவிட வலுவான உதாரணம் நான் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது கனமான விஷயம். கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ‘டெலிபரேட் செல்ஃப் ஹார்ம்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்போம். தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டு வந்தவர்களுக்கு ரொம்ப காலமாக இருந்த மருத்துவப் பெயர் அது. தவறி நடந்ததா, தானே செய்ததா என்று பிரித்துக் காட்ட வந்த சொல். ஆனால் அதைத் தமிழில் அப்படியே அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டால் என்ன ஆகிறது? “வேண்டுமென்றே செய்தாளா?” என்று கேட்டது போல ஆகிறது. ஏற்கெனவே உடைந்து நிற்கிற குடும்பத்தை போலீஸ் விசாரிப்பது போல ஆகிறது.

வேரை வைத்துப் பார்த்தாலும் இந்தப் பெயர் பொருந்தவில்லை என்று மிஸ் சொன்னார். இப்படி வருகிறவர்களில் பலர் ஒரு சண்டைக்குப் பிறகு, ஒரு வேகத்தில் செய்துவிட்டவர்கள். இரண்டு தட்டையும் வைத்து நிறுத்துப் பார்க்கும் நிலையில் அவர்கள் இருந்திருக்கமாட்டார்கள். பிரிட்டனில் 2004இல் வந்த தேசிய மருத்துவ வழிகாட்டுதல் டெலிபரேட் என்பதை எடுத்துவிட்டு வெறும் ‘செல்ஃப் ஹார்ம்’ என்றே எழுதியது. நோயாளிகளுக்கே அந்தச் சொல் குத்தலாக இருந்தது ஒரு காரணம். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவர், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதற்கு முன் குற்றமாக வைத்திருந்த பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, 2024 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பொதுவான குற்றமாகத் தொடரவில்லை. சட்டமே மாறிவிட்டது, நம் வாயில் மட்டும் ‘வேண்டுமென்றே’ நிற்கிறது.

அன்றைய பேச்சுப் பயிற்சி இதைச் சுற்றித்தான். ஒருவர் அம்மா, ஒருவர் நர்ஸ். நர்ஸாக இருப்பவர் டெலிபரேட் என்ற சொல்லே வராமல் நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பயம் போக்கும் ஒரு வாக்கியம், அப்புறம் திறந்த கேள்வி, அப்புறம் பதில் வரும்வரை காத்திருப்பது. வீட்டுக்கு அனுப்பும்போது மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416ஐச் சொல்லிக் கொடுப்பதும் பயிற்சியில் இருந்தது. ஆங்கிலத்தில் செய்து முடித்ததும் அதையே தமிழில் ஒருமுறை செய்ய வைத்தார். தமிழில்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது வார்டில் “என்னம்மா நடந்தது, மெதுவாகச் சொல்லுங்க, நான் இங்கேதான் இருக்கேன்” என்று ஆரம்பிக்கிறேன். லண்டனுக்குப் போகிறேனோ இல்லையோ, இந்த ஒரு பாடத்துக்காகவே கட்டிய பணம் தகும் என்று மனதாரச் சொல்வேன்.

கடிதம் திருத்தும் முறையும் தனி. மொத்தப் பக்கத்தையும் சிவப்பாக்கமாட்டார். ஒரு வாரம் காலம் காட்டும் வினைகளை மட்டும் பார்ப்பார், அடுத்த வாரம் தேவையில்லாத தகவல்களை மட்டும். அதே கடிதத்தைத் திரும்ப எழுத வேண்டும். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் 1993இல் தன் சகாக்களுடன் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து ‘டெலிபரேட் ப்ராக்டிஸ்’ என்று ஒன்றை எழுதினார். எத்தனை மணி நேரம் என்பதோடு முடிவதில்லை. எந்த இடம் பலவீனமோ அதைக் குறிவைத்து, உடனே திருத்தம் பெற்று, மறுபடி செய்வதுதான் பயிற்சி. மிஸ் அதைப் படித்துவிட்டுத்தான் இப்படி நடத்துகிறார். எழுத்துப் பகுதியில் எனக்கு பி கிரேடு வந்தது இந்தத் திருத்தத்தால்தான்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. வேகம் குறைவு. தேர்வுத் தேதி வாங்கிவிட்டு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இங்கே வராதீர்கள், பாதியில் நிற்பீர்கள். கேட்கும் தேர்வுக்கான பயிற்சி பலவீனம். பழைய ஸ்பீக்கர், தெரு வண்டிச் சத்தம்; பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பைத் தெளிவாகக் கேட்கச் சொந்த ஹெட்ஃபோன் வேண்டும், வீட்டில் தனியாகவும் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு டைப்பிங் பழக்கம் இங்கே கிடைக்காது, எல்லாம் பேப்பரும் பேனாவும்தான். மாடிப்படி குறுகல், முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். வேலூர் மே மாத வெயிலில் அந்த மாடி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாலை வகுப்பைவிடக் காலை வகுப்பு தேவலை. ஆட்கள் அதிகமானால் கடிதம் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. மிஸ் ஒருவரே எல்லாம் பார்ப்பதால் அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் தேர்வு நெருங்கும்போது பதற்றம் வருகிறது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். சொல் தெரிந்தால் போதும், சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இரண்டுதான் தோன்றும். வார்டில் பேசுகிற, எழுதுகிற ஆங்கிலம் திருந்த வேண்டும் என்பவர்களுக்கு ஐந்தும் தோன்றலாம்.

சேர விரும்புகிறவர்கள் காந்தி நகர், விருதம்பட்டு பக்கம் தங்கியிருக்கும் சீனியர் சிஸ்டர்களைக் கேளுங்கள், வழி சொல்வார்கள். முதல் வகுப்புக்குப் பணம் வாங்குவதில்லை, உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். பயிற்சிக்கு ஆகும் என்று வார்டிலிருந்து கேஸ் ஷீட் காப்பியோ போட்டோவோ எடுத்துப் போகாதீர்கள். நோயாளி விவரம் உள்ள எந்தக் காகிதத்தையும் மிஸ் தொடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார்.